பண்டரிபுரம் போகும் சாலையில்

ஸ்வார்கேட்டில் ஏறினால் ஹடப்சர் காடிதளம் வரை பஸ்ஸில் கூட்டம் குறைவதே இல்லை. இறங்கியதும் காதைத் தாக்குவது சோலாப்பூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சல். மேம்பாலத்தின் நிழலில் வெந்தயக் கீரைக் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள் பெண்கள். அப்பால் கண்ணாடிச் சுவர்களோடு நிற்கிறது மகர்பட்டா. விவசாயம் நடந்துகொண்டிருந்த சுமார் 400 ஏக்கர் நிலத்தை மகர் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்த்து, கம்பெனி அமைத்து, தாங்களே ஒரு நகரமாக மாற்றிக்கொண்ட இடம். மதிய வேளையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க டீ குடிக்க வரும் இளைஞர்களிடையே நின்றால் தமிழும் தெலுங்கும் தாராளமாகக் காதில் விழும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஹடப்சர் என்றால் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அதற்கடுத்து சீரம் இன்ஸ்டிடியூட். 2021 ஜனவரியில் கோவிஷீல்டு தடுப்பூசிப் பெட்டிகள் நாடெங்கும் புறப்பட்டது இந்தப் பக்கத்திலிருந்துதான். இதைப் படிப்பவர்களில் பலரது கையிலும் அரை மில்லி ஹடப்சர் ஏறியிருக்கும்.

மகாராஷ்டிரத்தின் கிராமத்து மனிதருக்கு ஹடப்சர் வேறு ஒன்று. அது பண்டரிபுரம் போகும் வழியில் உள்ள ஊர். ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு முன்னால் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் புனேக்கு வந்து தங்கி, ஒன்றாகக் கிளம்புகின்றன. ஹடப்சர் வரை ஒரே சாலை. இங்கே பிரிகின்றன. ஞானேஸ்வரர் திவே காட் மலையேறி ஸாஸ்வட் போகிறார். துக்காராம் நேரே லோணி காள்போர் வழியாகப் போகிறார். போய்ச் சேருமிடம் ஒன்றுதான்.

நான் ஹடப்சருக்குப் போனது பல்லக்கு பார்க்க அல்ல, ஒரு பெயர்ப்பலகையைப் பார்க்க. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் திருக்குறள் மொழிபெயர்ப்புகளின் பட்டியல் ஒன்றை உருப்போட்டிருந்தேன். லத்தீனில் 1730-ல் வீரமாமுனிவர், ஆங்கிலத்தில் 1886-ல் ஜி.யு. போப் என்று போகும் அந்தப் பட்டியலில் மராத்திக்கு நேராக 'சானே குருஜி' என்று இருந்தது. பரீட்சையில் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாக்கிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்த பிறகுதான் அவர் யார் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாண்டுரங்க சதாசிவ சானே 1899-ல் கொங்கணத்தில் பால்கட் கிராமத்தில் பிறந்தவர். அமள்நேரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 'குருஜி' என்ற பட்டம் அதனால் வந்தது. 1930-ல் சட்டமறுப்பு இயக்கத்துக்காக வேலையை விட்டுச் சிறை சென்றார். அவரைக் கொண்டுபோய் அடைத்த சிறைகளில் ஒன்று திருச்சிராப்பள்ளி. அங்கே பல மாகாணத்து, பல மொழிக் கைதிகள். மனிதர் சும்மா இருக்கவில்லை. தமிழும் வங்காளியும் கற்றுக்கொண்டார். குறளை மராத்தியில் பெயர்த்தார். ஒரு நாட்டின் மக்கள் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமல் ஒன்றாக வாழ்வது எப்படி என்ற கேள்வி அவருக்குச் சிறையில் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அவர் முன்வைத்த 'ஆந்தர் பாரதி' என்ற திட்டத்துக்கு வேர் திருச்சி சிறையில் இருக்கிறது. ஒவ்வொரு மாகாணத்தாரும் இன்னொரு மாகாணத்தின் மொழியையும் இலக்கியத்தையும் கற்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் சாரம்.

மகாராஷ்டிரத்தில் அவரைத் தெரியாத குழந்தை இல்லை. 1933-ல் நாசிக் சிறையில் அவர் எழுதிய 'ஷ்யாம்சீ ஆயி' (ஷ்யாமின் தாய்) வீட்டுக்கு வீடு படிக்கப்பட்ட புத்தகம். ஆசார்ய அத்ரே அதைப் படமாக்கினார். இந்தியாவில் சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கத்தை முதன்முதலில் வாங்கியது அந்த மராத்திப் படம்தான். இதன் விளைவாக அவர் அழவைக்கும் எழுத்தாளராக மட்டும் நினைவில் நின்றுவிட்டார். அவர் ஓர் எதிர்ப்பாளர் என்பது பின்னுக்குப் போய்விட்டது.

ஹடப்சரின் மாள்வாடியில் அவர் பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. சோஷலிஸ்ட் மரபில் வந்த டாக்டர் தாதா குஜர் 1960-ல் தொடங்கிய மகாராஷ்டிர ஆரோக்ய மண்டல் நடத்துவது. வெளிநோயாளிகள் வரிசையில் தலையில் காந்தித் தொப்பி வைத்த ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "காகா, பலகையில் இருக்கிற குருஜி யார்?" என்று கேட்டேன். என் மராத்தி உச்சரிப்பை வைத்து மதராஸி என்று கண்டுபிடித்துவிட்டார். "ஷ்யாமின் அம்மாவைப் பற்றி எழுதினவர். பண்டரிபுரத்தில் பட்டினி கிடந்தவர்" என்றார். சற்று யோசித்து, "எங்களுக்காகக் கிடந்தார்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பட்டினிக்கு வருவதற்கு முன் புனேயின் மாலை நேரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1930-களில் உலகெங்கும் ஒரு போட்டி நடந்தது. பள்ளி விட்டு வீடு திரும்பும் பையன்களின் மாலைப் பொழுது யாருக்கு? இத்தாலியில் முசோலினி அதற்கென்றே 'பலில்லா' என்ற சிறுவர் படையை வைத்திருந்தார். நாகபுரியைச் சேர்ந்த இந்து மகாசபைத் தலைவர் பா.சி. மூஞ்சே 1931-ல் ரோமுக்குப் போய் அந்தப் படையைப் பார்த்து வியந்தார், முசோலினியைச் சந்தித்தார், தன் நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். 1925-ல் நாகபுரியில் தொடங்கிய ராஷ்ட்ரீய ஸ்வயம்சேவக் சங்கத்தின் ஷாகாக்கள் அதற்குள் மகாராஷ்டிரத்தின் மைதானங்களில் பரவத் தொடங்கியிருந்தன.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. சங்கத்தின் தொடக்க காலத்தில் அதன் பொதுச் செயலாளராக இருந்த கோபால் முகுந்த ஹுத்தார் 1930-களின் நடுவில் லண்டனுக்குப் படிக்கப் போனார். அந்த நகரத்தில்தான் 1936 அக்டோபர் 4 அன்று கேபிள் தெருவில் யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் தெருவை மறித்து, ஆஸ்வால்ட் மோஸ்லியின் கறுப்புச் சட்டை ஊர்வலத்தைத் திருப்பியனுப்பினார்கள். ஹுத்தார் 1937-ல் ஸ்பெயினுக்குப் போய் 'ஜான் ஸ்மித்' என்ற பெயரில் சர்வதேசப் படையில் சேர்ந்து பிராங்கோவுக்கு எதிராகப் போரிட்டார். 1938-ல் பிடிபட்டுச் சிறை முகாமில் இருந்து, விடுதலையாகி ஊர் திரும்பினார். மனிதன் எங்கே தொடங்கினான் என்பதை வைத்து எங்கே முடிப்பான் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு ஹுத்தார் ஓர் உதாரணம்.

ஸ்பெயினுக்குப் போக எல்லோராலும் முடியாது. புனேயில் இருந்த சோஷலிஸ்டுகள் பக்கத்து மைதானத்துக்குப் போனார்கள். 1941 ஜூன் 4 அன்று ராஷ்ட்ர சேவா தளம் புதிய வடிவில் இயங்கத் தொடங்கியது. எஸ்.எம். ஜோஷி அதன் தலைவர். நா.க. கோரே, சிரூபாவ் லிமயே போன்றவர்கள் உடனிருந்தார்கள். சானே குருஜி அதன் உயிர்மூச்சானார். அவர்களுடைய கணக்கு எளிமையானது. மாலையில் பையன்கள் விளையாட வேண்டும், பாட வேண்டும், அணிவகுக்க வேண்டும். அதெல்லாம் ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. சேவா தளத்தின் மைதானத்தில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் மதத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். பெண் குழந்தைகளும் வந்தார்கள். அந்த நாளில் இது சின்னக் காரியமல்ல.

தளத்தின் 'கலாபதக்' என்ற கலைக்குழு ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் கொண்டுபோனது. பு.ல. தேஷ்பாண்டே அதற்கு எழுதினார். பின்னாளில் மராத்தி சினிமாவின் பெரிய வில்லனான நிளூ புலே அதில் நடித்துப் பழகியவர். தாதா கோண்ட்கே அங்கிருந்து வந்தவர். ஸ்மிதா பாட்டீல் சிறுமியாகச் சேவா தளத்தில் வளர்ந்தவர். இவர்களுக்கு யாரும் பாசிசம் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. கூடவே கபடி ஆடிய பையனின் ஜாதி எது என்று கேட்கத் தோன்றாதபடி அவர்களுடைய மாலைகள் கழிந்தன. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' எவ்வளவு பெரியது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரிகிறது.

ஹடப்சரில் எஸ்.எம். ஜோஷியின் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. நடத்துவது கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் தொடங்கிய ரயத் சிக்ஷண் சன்ஸ்தா. 1924-ல் சாத்தாராவில் பாவுராவ் ஒரு விடுதி தொடங்கினார். எல்லா ஜாதிப் பையன்களும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. அதே ஆண்டுகளில் நம் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது பெரும் சண்டையாகி, தமிழ்நாட்டுக் காங்கிரஸைப் பிளந்து, பெரியாரைத் தனிவழி போகவைத்தது. ஒரு சாப்பாட்டுப் பந்தியை எப்படிப் போடுவது என்பதில் இரண்டு மாகாணங்களின் அரசியல் தீர்மானமானது.

இப்போது பண்டரிபுரம். 14-ம் நூற்றாண்டில் சோகாமேளா என்ற மஹார் பக்தர் விட்டலனைப் பாடிப் பாடியே வாழ்ந்தார். கோயிலுக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை. அவருடைய சமாதி கோயில் வாசற்படிக்கு வெளியே இருக்கிறது. நந்தனார் கதை தெரிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீயில் இறக்கிவிட்டுத்தான் நாம் நந்தனை உள்ளே விட்டோம்; மராத்தியர் சோகாமேளாவைப் படிக்கட்டோடு நிறுத்தினார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துச் சென்றுவிட்டார். பண்டரிபுரம் அதற்குப் பின்னும் மூடியே கிடந்தது.

சானே குருஜி உண்ணாவிரதம் என்று அறிவித்தார். ஆனால் உடனே உட்காரவில்லை. முதலில் மாதக்கணக்கில் மகாராஷ்டிரம் முழுவதும் சுற்றினார். சேவா தளத்துப் பாடகர்கள் கூடப் போனார்கள். 'உங்கள் கிணற்றைத் திறவுங்கள், உங்கள் ஊர்க் கோயிலைத் திறவுங்கள்' என்று கிராமம் கிராமமாகக் கேட்டார்கள். பல ஊர்களில் திறந்தார்கள். ஊரில் பாதி மனம் மாறிய பிறகுதான், 1947 மே மாதத் தொடக்கத்தில், அவர் பண்டரிபுரத்தில் பட்டினி உட்கார்ந்தார். சுமார் பத்து நாட்களில் கோயில் நிர்வாகம் இணங்கியது. விட்டலன் சந்நிதி எல்லோருக்கும் திறந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க அப்போது மூன்று மாதங்கள் இருந்தன. மருத்துவமனை வரிசையில் பார்த்த பெரியவர் 'எங்களுக்காக' என்று சொன்னது இதைத்தான்.

எட்டு மாதம் கழித்து காந்தி சுடப்பட்டார். சுட்டவர் புனேயில் பத்திரிகை நடத்தியவர். குருஜி அதைத் தன் மண்ணின் பாவமாக எடுத்துக்கொண்டு 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1948 ஆகஸ்ட் 15 அன்று 'சாதனா' வார இதழைத் தொடங்கினார். அது இன்றும் புனேயிலிருந்து வருகிறது. 1950 ஜூன் 11 அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. அடுத்தவர் துயரத்தை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு வாழ்வதன் விலை அது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி அலங்கரித்துச் சொல்ல மனம் வரவில்லை. அவரை இழந்தோம்.

இந்த ஊரில் கதை சேவா தளத்தோடு தொடங்கியதும் அல்ல. பக்கத்திலேயே மாஞ்சரி. அங்கே மகாத்மா ஜோதிராவ் புலேவுக்கு 60 ஏக்கர் நிலம் இருந்தது. புலே ஒப்பந்ததாரர், விவசாயி, பள்ளிக்கூடம் நடத்தியவர். 1873-ல் அவர் வெளியிட்ட 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) என்ற நூலை அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்டவர்களை அடிமைத்தளையிலிருந்து விடுவித்ததற்கு நன்றியாக. தன் நாட்டவரும் அந்த முன்மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்ற ஆசையோடு. நிறவெறியும் ஜாதியும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்று புனேயில் உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடித்து 150 ஆண்டுகள் ஆகிவிட்டன. சரியாக 99 ஆண்டுகளுக்குப் பின், 1972-ல், அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை வாங்கி பம்பாயில் தலித் பாந்தர்கள் தோன்றியது அதே ஓட்டத்தின் தொடர்ச்சி.

அதே 1873 செப்டம்பர் 24 அன்று புலே சத்யசோதக் சமாஜத்தை நிறுவினார். புரோகிதர் இல்லாத திருமணம் அதன் வேலைத்திட்டங்களில் ஒன்று. புலே தம்பதியின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் 1889-ல் அந்த முறைப்படி மணந்துகொண்டது ஹடப்சரின் ஸஸாணே குடும்பத்துப் பெண்ணை. நம் ஊரில் சுயமரியாதைத் திருமணம் என்ற பெயர் புழக்கத்துக்கு வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

1897-ல் புனேயை பிளேக் பிடித்தது. அந்த ஆண்டைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்தது பிளேக் அதிகாரி ராண்டையும் அவரைச் சுட்ட சாபேகர் சகோதரர்களையும்தான். ராண்டு சுடப்பட்டது ஜூனில். அதற்கு முன்பே, ஜோதிராவ் மறைந்து ஏழாவது ஆண்டில், சாவித்ரிபாய் புலே ராணுவ டாக்டராகியிருந்த யஷ்வந்தை வரவழைத்து, ஊருக்கு வெளியே ஹடப்சரில் ஸஸாணே தோட்டத்தில் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சைக் குடில் போட்டார். யாரும் தொட அஞ்சிய நோய். தொடக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட ஜனங்கள். முண்ட்வாவின் மஹார் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் என்று கேட்டு அவனைத் தன் முதுகில் சுமந்து வந்தார். அந்தத் தொற்றில் 1897 மார்ச் 10 அன்று இறந்தார். தடுப்பூசி நாடெங்கும் போன ஊரில் 124 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஆட்டோ ஓட்டுநரிடம் ஸஸாணே என்றதும் வழி தெரிந்தது. போய்ப் பார்த்தால் அடுக்குமாடிகளும் ஸ்கூட்டர்களும். தோட்டத்தின் சுவடு எனக்கு அகப்படவில்லை.

புலே, பாவுராவ், குருஜி என்று இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே வந்தால் ஒன்று விளங்குகிறது. வெறுப்புக்கு எதிரான வேலை இவர்களிடம் பெரும்பாலும் பேச்சாக இருக்கவில்லை. ஒரு பள்ளி, ஒரு பந்தி, ஒரு கிணறு, ஒரு மைதானம், ஒரு மருத்துவக் குடில் என்று நாலு பேர் சேர்ந்து பயன்படுத்தும் பொருளாக இருந்தது. பின்னால் வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். சேவா தளத்தில் வளர்ந்த டாக்டர் பாபா ஆடாவ் புனே சந்தையின் மூட்டைத் தூக்குபவர்களை ஹமால் பஞ்சாயத்தாகத் திரட்டினார். 1970-களில் 'ஒரு கிராமம், ஒரு கிணறு' என்று ஊர் ஊராக அலைந்தார். 1974-ல் 'கஷ்டாச்சீ பாகர்' (உழைப்பின் ரொட்டி) என்ற மலிவு உணவகத்தைத் தொழிலாளர்களே நடத்தவைத்தார். 2024 நவம்பரில், தொண்ணூறைத் தாண்டிய வயதில், புலே வாழ்ந்த வாடாவின் வாசலில் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தவர் அவர்.

ஹமீத் தல்வாய் இன்னொருவர். 1966-ல் ஏழு முஸ்லிம் பெண்களோடு பம்பாய் சட்டமன்றத்துக்கு ஊர்வலம் போய் முத்தலாக்கை ஒழிக்கச் சொன்னவர். 1970 மார்ச் 22 அன்று புனேயில் அவர் தொடங்கிய அமைப்புக்கு 'முஸ்லிம் சத்யசோதக் மண்டல்' என்று பெயர் வைத்தார். புலேயின் சொல்லை வேண்டுமென்றே கடன் வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரனின் குற்றத்தைப் பேசுவதற்கு முன் தன் வீட்டைப் பெருக்க வேண்டும் என்ற மரபு அது.

இந்த வரலாறு முழுவதும் தோற்றுப்போன ஓர் இரவும் ஹடப்சருக்கு உண்டு.

2013 ஆகஸ்ட் 20 காலை 'சாதனா'வின் ஆசிரியராக இருந்த டாக்டர் நரேந்திர தாபோல்கர் புனேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பது மாதம் கழித்து, 2014 மே கடைசியில், சிவாஜியையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தும் படங்கள் பேஸ்புக்கில் பரவின. புனேயில் பஸ்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் உடைக்கப்பட்டன. ஜூன் 2 இரவு ஹடப்சரில், தொழுகை முடிந்து நண்பரோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளைஞரை ஒரு கும்பல் ஹாக்கி மட்டைகளால் அடித்தது. சோலாப்பூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர். அந்தப் படங்களுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தலையில் குல்லாய், முகத்தில் தாடி, அவ்வளவுதான் சம்பந்தம். அவர் இறந்துபோனார்.

ஹிந்து ராஷ்டிர சேனா என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 2017 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் மூவருக்கு ஜாமீன் தந்தபோது, இறந்தவர் வேறு மதத்தவர் என்பதையே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சாதகமான அம்சமாகச் சொன்னது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைக் கண்டித்து அந்த உத்தரவை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் புனே செஷன்ஸ் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. ஓர் ஊரின் தெருவில், ஆள் நடமாடும் நேரத்தில், ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றது யார் என்பதை நீதிமன்றத்தில் நிலைநிறுத்த முடியவில்லை.

சானே குருஜியின் பெயர் பலகையில் இருந்தது. எஸ்.எம். ஜோஷியின் பெயர் கல்லூரி வளைவில் இருந்தது. பெயர்கள் யாரையும் காப்பாற்றுவதில்லை. சேவா தளம் இன்றும் இருக்கிறது, ஆனால் அதன் மாலைக் கூட்டங்கள் அன்றைய அளவில் இல்லை. கரும்பு போன இடத்தில் கட்டடம் வந்தது. கட்டடத்துக்கு நடுவே மைதானம் எங்கே? அந்த ஜூன் மாத இரவில் கூடிய பையன்களின் மாலைகளை யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1941-ல் எஸ்.எம். ஜோஷிக்கு இருந்த அதே கேள்விதான் இது. இப்போது மைதானத்தின் இடத்தில் கைபேசி இருக்கிறது.

இனி என் சொந்தக் காரணம். 1960-களின் கடைசியில் என் பெரியப்பா மாதுங்காவில் குமாஸ்தா. தென்னிந்தியர்களை வெளியேறச் சொல்லி பம்பாயில் கோஷங்கள் எழுந்த காலம். லுங்கியை வைத்து நம்மைக் கேலி செய்யும் கோஷம் அன்று பிரசித்தம். பெரியப்பாவை யாரும் தொட்டதில்லை. ஆனால் அவர் வேட்டியை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓய்வு பெறும் வரை பேண்ட்டோடுதான் வெளியே போனார். ஊருக்கு வந்தால் முதல் காரியமாக வேட்டி கட்டுவார். 'அப்பாடா' என்பார். அந்த 'அப்பாடா'வின் பொருள் சிறுவயதில் எனக்குப் புரியவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் கீழக்கரைக்காரர் ஒருவர், என் நண்பர், ஹடப்சரில் வேலை கிடைத்து வந்தார். வீடு தேடினார். நான் குடியிருக்கும் கட்டடத்தில் மேல் மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடித்து, பெயர் கேட்டார். சொன்னேன். "பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள்" என்றார். நல்ல மனிதர், என் அம்மா படுத்திருந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நண்பரிடம் 'வீடு போய்விட்டது' என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. வாங்கிய பயத்தை நாம் மறந்துவிடுகிறோம், கொடுக்கும்போது கூச்சமில்லை. ஊரில் 'வடக்கன்' என்று நாக்கில் எளிதாகப் புரளும் சொல்லும் இதே கணக்கில்தான் சேரும்.

மாள்வாடி மருத்துவமனையில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டு மதம் தெரிந்தது, சிலவற்றில் ஜாதியும் தெரிந்தது. கூப்பிட்ட ஆள் எழுந்து உள்ளே போனார். அடுத்தவர் ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தார். காந்தித் தொப்பிப் பெரியவரின் முறை வந்தபோது தன் பையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்தில் பர்தா அணிந்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மேல் மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். என் நண்பரின் பெயரை மறுபடி சொன்னேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார்.

இன்று வியாழக்கிழமை. கீழ் வீட்டில் பேசிவிட்டேன். எதிர்வீட்டில் இன்னும் பேசவில்லை.